எல்லாப் பட்டனையும் அழுத்தும்வரை நெக்ஸ்ட்டைப் பூட்டி வைப்பது எப்படி? பூட்டத்தான் வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ஒரு தொழிற்சாலையின் தீப் பாதுகாப்புப் பயிற்சிக்காக ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் என்ற மென்பொருளில் கணினிவழிக் கோர்ஸ் செய்கிறீர்கள். ஒரு ஸ்லைடில் நான்கு பட்டன்கள்: நீர், நுரை, கார்பன் டை ஆக்சைடு, உலர் பொடி என நான்கு வகைத் தீயணைப்பான்கள். ஒவ்வொன்றையும் அழுத்தினால் அதன் விளக்கம் ஒரு லேயரில், அதாவது ஸ்லைடின் மேல் வரும் கூடுதல் அடுக்கில், திறக்கிறது. நான்கையும் பார்க்கும்வரை நெக்ஸ்ட் வேலை செய்யக் கூடாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். நீங்களும் பூட்டிவிட்டீர்கள். ஆனால் முந்தின ஸ்லைடுக்குப் போய்த் திரும்பி வந்தால் நெக்ஸ்ட் மறுபடி பூட்டிக்கொள்கிறது. அது போதாதென்று, பலர் நான்கு பட்டன்களையும் படபடவென்று தட்டிவிட்டு எதையும் படிக்காமல் கடந்துபோகிறார்கள். இன்னும் இறுக்கமாகப் பூட்ட வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பூட்டு ஏன் சரியாக வேலை செய்யவில்லை என்பது முதலாவது. அதற்குத் திட்டவட்டமான பதில் உண்டு. இவர்கள் உண்மையிலேயே கற்றுக்கொண்டார்களா என்பதை எப்படி உறுதி செய்வது என்பது இரண்டாவது. மேலாளர் கேட்பது அதைத்தான் என்று நினைக்கிறேன். நெக்ஸ்ட் பட்டனை எவ்வளவு இறுக்கினாலும் அதற்கு விடை கிடைக்காது. பணியிடப் பயிற்சிகளுக்கான கோர்ஸ்களைப் பல ஆண்டுகளாக வடிவமைத்து வருபவன் என்ற முறையில் இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பூட்டு. டைம்லைன் (ஸ்லைடு ஓடும் நேரக்கோடு) தொடங்கும்போது நெக்ஸ்ட்டை டிசேபிள்டு ஆக்கு என்று ஒரு ட்ரிகர் (இது நடந்தால் இதைச் செய் என்ற கட்டளை), நான்கு பட்டன்களும் விசிட்டட் (பார்த்த நிலை) ஆனதும் நெக்ஸ்ட்டை நார்மல் ஆக்கு என்று இன்னொன்று. இப்படித்தான் வைத்திருப்பீர்கள். எல்லோரும் முதலில் செய்வது இதுதான். சிக்கல் என்னவென்றால், அந்த முதல் ட்ரிகருக்கு நிபந்தனை எதுவும் இல்லை. ஸ்லைடுக்குத் திரும்பி வரும்போதெல்லாம் டைம்லைன் தொடங்குகிறது, ட்ரிகர் ஓடுகிறது, நெக்ஸ்ட் பூட்டிக்கொள்கிறது. இரண்டாவது ட்ரிகரோ பட்டன்களின் நிலை மாறும் நேரத்தில்தான் விழித்துக்கொள்ளும். நான்கும் ஏற்கெனவே விசிட்டட் ஆகிவிட்டதால் மாறுவதற்கு எதுவும் இல்லை. திறக்க ஆளில்லாத பூட்டாக அது நின்றுவிடுகிறது.

தீர்வு எளிது. ஒரு உண்மை/பொய் வேரியபிள், அதாவது ஒரு மதிப்பை நினைவில் வைத்திருக்கும் பெட்டி, உருவாக்குங்கள். ஸ்லைடு1_முடிந்தது என்று பெயர் வைக்கலாம். தொடக்க மதிப்பு பொய். நான்கும் பார்த்து முடிந்ததும் அதை உண்மையாக்குங்கள். பூட்டும் ட்ரிகருக்கு, இந்த வேரியபிள் பொய்யாக இருந்தால் மட்டும் பூட்டு என்று நிபந்தனை கொடுங்கள். பட்டன்களின் நிலையை மட்டும் நம்பாமல் வேரியபிளை நம்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்லைடின் அமைப்பில், திரும்பி வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தேர்வு இருக்கும்: தானாக முடிவு செய், சேமித்த நிலையிலிருந்து தொடர், தொடக்க நிலைக்குத் திருப்பு. மூன்றாவது தேர்வு இருந்தால் பட்டன்கள் விசிட்டட் நிலையை மறந்துவிடும். வேரியபிள் மறக்காது. அது ஸ்லைடோடு ஒட்டியதல்ல, கோர்ஸ் முழுவதற்கும் பொதுவானது. ஆனாலும் இந்த மாதிரி ஸ்லைடுக்குச் சேமித்த நிலையிலிருந்து தொடர் என்பதை நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள். தானாக முடிவு செய் என்று விட்டால் அது எப்படி முடிவு செய்யும் என்பதை ஒவ்வொரு ஸ்லைடிலும் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். விசிட்டட் என்பது ஸ்டோரிலைனில் ஏற்கெனவே உள்ள நிலை. அந்த நிலையைப் பட்டனில் சேர்த்திருந்தால் அழுத்தியதும் தானாகவே அது வந்துவிடும். அதற்கென்று தனி ட்ரிகர் எழுதினால் இரண்டும் மோதிக்கொண்டு விசித்திரமாக நடந்துகொள்ளும். அதேபோல ட்ரிகர்கள் மேலிருந்து கீழாகத்தான் ஓடும். அடுத்த ஸ்லைடுக்குப் போ என்பது மேலேயும், வேரியபிளை மாற்று என்பது கீழேயும் இருந்தால், வேரியபிள் மாறும் முன்பே ஆள் போயிருப்பார். வேரியபிளை மாற்றும் ட்ரிகர் எப்போதும் மேலே இருக்கட்டும்.

விசிட்டட் என்றால் அந்தப் பட்டன் அழுத்தப்பட்டது, அவ்வளவுதான். லேயரில் இருந்ததைப் படித்தார் என்று அதற்குப் பொருள் இல்லை. படபடவென்று தட்டிவிட்டுப் போகிறவர்கள் இந்த இடைவெளியில்தான் புகுந்து போகிறார்கள். இதை அடைக்க நினைக்கும்போது பலருக்கும் முதலில் தோன்றுவது, லேயரின் டைம்லைன் முடிந்தால்தான் அது பார்த்ததாகக் கணக்கு என்று வைப்பது. செய்வது எளிது. லேயரின் டைம்லைன் முடியும்போது ஒரு வேரியபிளை மாற்றினால் போதும், நான்கு லேயருக்கு நான்கு வேரியபிள். அடிப்படை லேயரைக் கிளிக் செய்ய முடியாதபடி தடுக்கும் தேர்வும் லேயர் அமைப்பில் உண்டு, அதையும் போட்டுவிட்டால் ஒருவர் ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவ முடியாது.

ஆனால் இதைச் செய்ய வேண்டாம் என்பதுதான் என் கருத்து. குறிப்பாக, ஆடியோ முடியும்வரை காத்திருக்க வைக்காதீர்கள். ஒருவர் மனதுக்குள் படிக்கும் வேகம் பேச்சின் வேகத்தைவிட அதிகம். ஆங்கிலத்தில் மௌன வாசிப்பு வேகம் பற்றிய பல ஆய்வுகளை 2019-இல் தொகுத்துப் பார்த்த பெல்ஜிய உளவியலாளர் மார்க் பிரைஸ்பர்ட், கதையல்லாத உரைநடைக்குச் சராசரியாக நிமிடத்துக்கு 238 சொற்கள் என்ற முடிவுக்கு வந்தார். பின்னணிக் குரல் பொதுவாக நிமிடத்துக்கு 150 சொற்களை ஒட்டித்தான் போகும். தமிழுக்கு இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது, நம் சொற்கள் நீளமானவை. ஆனால் எது வேகம், எது மெதுவு என்ற வரிசை மாறாது. திரையில் எழுத்தும் இருந்து, அதையே குரலும் வாசித்தால், படித்து முடித்தவர் வெறுமனே காத்திருக்கிறார். அந்த நேரத்தில் அவர் போனை எடுத்துவிடுவார், அல்லது வேறு டேப்புக்குப் போய்விடுவார். அதன்பிறகு உங்கள் டைம்லைன் யாருக்காகவும் ஓடவில்லை. கவனக்குறைவைத் தடுக்கப் போட்ட பூட்டு கவனத்தைச் சிதறடிக்கிறது.

பூட்டே வேண்டும் என்றால் எனக்குப் பிடித்த முறை வேறு. நெக்ஸ்ட்டை டிசேபிள் செய்யாமல் திறந்தே விடுங்கள். நெக்ஸ்ட்டை அழுத்தும்போது இரண்டு ட்ரிகர்கள்: அந்த வேரியபிள் உண்மையானால் அடுத்த ஸ்லைடுக்குப் போ, பொய்யானால் ஒரு சிறு லேயரைக் காட்டு. அந்த லேயரில், இன்னும் நுரை, உலர் பொடி இரண்டையும் பார்க்கவில்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள். பார்க்காத பட்டன்களை மட்டும் அங்கே எடுத்துக்காட்டலாம். சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும் பட்டன், ஏன் வேலை செய்யவில்லை என்று சொல்லாது. கணினி பழகாத ஒரு இயந்திரத் தொழிலாளி அதைப் பார்த்தால் கோர்ஸ் கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். மேற்பார்வையாளரைக் கூப்பிடுவார், இல்லையென்றால் மூடிவிட்டுப் போவார். திறந்திருக்கும் பட்டன் அவரிடம் பேசும். திரைவாசிப்பான் மூலம் கேட்பவருக்கும் அப்படித்தான்.

பக்கவாட்டு மெனுவை மறந்துவிடாதீர்கள். நெக்ஸ்ட்டைப் பூட்டிவிட்டு மெனுவை ஃப்ரீ என்று விட்டிருந்தால் அதிலிருந்து எந்த ஸ்லைடுக்கும் தாவிவிடலாம். ஸ்டோரிலைன் பிளேயரில் மெனுவுக்கு மூன்று நிலைகள்: ஃப்ரீ, ரெஸ்ட்ரிக்டட், லாக்டு. ரெஸ்ட்ரிக்டட் என்றால் ஏற்கெனவே பார்த்த ஸ்லைடுகளுக்குத் திரும்பலாம், பார்க்காததற்கு முன்கூட்டிப் போக முடியாது. லாக்டு என்றால் மெனு வழியாகப் பின்னாலும் போக முடியாது. லாக்டைத் தேர்ந்தெடுக்க எனக்கு இதுவரை ஒரு நல்ல காரணம் கிடைத்ததில்லை. கேள்வியில் தவறிய ஒருவர் திரும்பிப் போய்ப் படிப்பதை நாம் ஏன் தடுக்க வேண்டும்? ரெஸ்ட்ரிக்டட் போதும். ஆனால் அது அடிப்படையில் மெனுவைத்தான் கட்டுப்படுத்தும். நீங்கள் எழுதிய தாவல் ட்ரிகர்கள் அதற்குக் கட்டுப்படாது என்பதை நினைவில் வையுங்கள். வீடியோ, ஆடியோ உள்ள ஸ்லைடுகளில் சீக்பாரையும் (முன்னும் பின்னும் இழுக்கும் பட்டை) கவனியுங்கள். முதல்முறை பார்த்து முடித்தபின் மட்டும் இழுக்க விடும் தேர்வு அதில் உண்டு. நடுவழி அதுதான்.

ஸ்டோரிலைன் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பவர்பாயிண்ட் என்றால் ஸ்லைடு ஷோ அமைப்பில் கியாஸ்க் முறையைத் தேர்ந்தெடுங்கள். திரையில் வெறுமனே கிளிக் செய்தாலோ அம்புக்குறி விசையை அழுத்தினாலோ ஸ்லைடு நகராது, நீங்கள் இணைப்பு வைத்த பட்டன்கள் மட்டும் வேலை செய்யும். எச்5பி என்ற இணையக் கருவி என்றால் அதன் கோர்ஸ் பிரசன்டேஷனில் ஆக்டிவ் சர்ஃபேஸ் மோட் என்று ஒன்று உண்டு, அது கீழே உள்ள வழிசெலுத்தும் பட்டையையே எடுத்துவிடும். எந்த ஸ்லைடுக்குப் போகலாம் என்பதை நீங்கள் வைக்கும் இணைப்புகள் மட்டுமே முடிவு செய்யும். இரண்டும் எளிய கருவிகள்தான், கிளைக்கும் சூழ்நிலைக் கதைகளுக்கு நன்றாகவே போதும்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கற்பவரின் கையில் எவ்வளவு கட்டுப்பாட்டைக் கொடுப்பது என்பது இந்தத் துறையின் பழைய வழக்கு. 1950-களில் அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் கற்பிக்கும் இயந்திரங்களை உருவாக்கினார். சிறு சிறு படிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பதில், நேர்கோட்டில் ஒரே பாதை. அதே பத்தாண்டின் பிற்பகுதியில், அமெரிக்க விமானப்படையில் பழுது கண்டுபிடிக்கும் பயிற்சியில் வேலை செய்த நார்மன் கிரௌடர் வேறு வழியில் போனார். தவறான விடையைத் தேர்ந்தெடுத்தவரை, அந்தத் தவறு ஏன் தவறு என்று விளக்கும் பக்கத்துக்கு அனுப்பினார், பிறகு திரும்ப அழைத்து வந்தார். இன்று நாம் கிளைவழி என்று செய்வதெல்லாம் அதன் தொடர்ச்சி. 1970-களில் டிக்கிட் என்ற அமெரிக்கக் கணினிவழிக் கல்வித் திட்டம், விதி, எடுத்துக்காட்டு, பயிற்சி, எளிது, கடினம் என்று விசைப்பலகையிலேயே தனித்தனி விசைகள் வைத்து, அடுத்து என்ன வேண்டும் என்பதைக் கற்பவரிடமே விட்டது. நெக்ஸ்ட்டைப் பூட்டலாமா என்று நாம் இன்று பேசிக்கொள்வது இந்த மூன்று பாதைகளின் நடுவில் நின்றுதான்.

இதில் எது உறுதியானது, எது இன்னும் தீராதது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வேகத்தைக் கற்பவரிடம் விடுவது நல்லது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ரிச்சர்ட் மேயரும் பால் சாண்ட்லரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், மின்னல் எப்படி உருவாகிறது என்று விளக்கும் ஒரு சிறு அனிமேஷனை 16 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்குப் பிறகும் தொடர்வதற்கு ஒரு பட்டன் வைத்தார்கள். அப்படித் தன் வேகத்தில் முதலில் பார்த்தவர்கள், கற்றதைப் புதிய கேள்விகளில் பயன்படுத்துவதில் மேலாக இருந்தார்கள். துண்டு துண்டாகக் கொடு, அடுத்ததற்கு எப்போது போவது என்பதை அவரே முடிவு செய்யட்டும் என்ற கொள்கை அதன்பிறகு பல ஆய்வுகளில் வலுப்பெற்றது. இதை நான் தயங்காமல் பின்பற்றுகிறேன். டைம்லைன் பூட்டை எதிர்ப்பதற்கும் இதுவே காரணம்.

இன்னொன்றும் உறுதியானது. புதியவருக்கு உதவும் அதே விளக்கம், ஏற்கெனவே தெரிந்தவருக்குத் தடையாகலாம். ஸ்லாவா கல்யூகா, ஜான் ஸ்வெல்லர் முதலானோர் 2003-இல் இதைத் தொகுத்து எழுதினார்கள். உங்கள் தொழிற்சாலையில் ஆண்டுதோறும் தீயணைப்புப் பயிற்சி எடுத்தவர் ஒருவர், நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் ஒருவர். இருவரையும் ஒரே நான்கு பட்டன்களை அழுத்தச் சொல்வது முதலாமவருக்கு அநியாயம்.

என்ன படிப்பது, எதை விடுவது, எந்த வரிசையில் போவது என்பதையும் முழுக்கக் கற்பவரிடம் விடலாமா என்பதில்தான் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. சில ஆய்வுகளில் பயன் தெரிகிறது, சிலவற்றில் இல்லை, சிலவற்றில் நட்டம். பொருளைப் பற்றி ஏற்கெனவே ஓரளவு தெரிந்தவர்கள் சுதந்திரத்தை நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். புதியவர்கள் பெரும்பாலும் பயிற்சியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், தமக்குத் தெரிந்ததை அதிகமாக மதிப்பிட்டுக்கொள்கிறார்கள். ஆகவே உங்கள் மேலாளரின் கவலை வெறும் கெடுபிடி இல்லை. அதில் நியாயம் உண்டு. அவர் பூட்டு போடச் சொல்லும் இடம்தான் பொருத்தமில்லை.

என் யோசனை இது: பூட்டை விளக்கத்திலிருந்து எடுத்து முடிவெடுக்கும் இடத்தில் வையுங்கள். உங்கள் ஸ்லைடையே எடுத்துக்கொள்வோம். திரையில் ஒரு மின்சாரப் பலகை, உள்ளே புகை, ஓரத்தில் தீ. மின் இணைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. சுவரில் நான்கு தீயணைப்பான்கள். எதை எடுப்பீர்கள்? நான்கின் விளக்கங்களும் அதே திரையில் தொட்டால் திறக்கும்படி இருக்கட்டும், யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம். தெரிந்தவர் நேரே கார்பன் டை ஆக்சைடை எடுப்பார், பத்து நொடியில் கடந்துவிடுவார். தெரியாதவர் ஊகித்து நீரைத் தொட்டால், நீர் மின்சாரத்தைக் கடத்தும், பிடித்திருப்பவருக்கே ஷாக் அடிக்கும் என்று அங்கேயே காட்டுங்கள், திரும்பி வந்து முயலட்டும். உலர் பொடியை எடுத்தவரை ஒரேயடியாகத் தவறு என்று சொல்லாதீர்கள். அணையும், ஆனால் பொடி பலகைக்குள் புகுந்து கருவிகளைக் கெடுக்கும் என்று சொல்லுங்கள். அந்த வேறுபாடுதான் அவர் மனதில் நிற்கும்.

அடுத்த சூழ்நிலை எண்ணெய்த் தட்டில் தீ. அதில் நீர் பட்டால் எரியும் எண்ணெய் தெறித்துப் பரவும். நுரை மேலே போர்வையாக மூடும். மூன்றாவது, அடுக்கி வைத்த அட்டைப்பெட்டிகள். முதல் கேள்வியில் கார்பன் டை ஆக்சைடு சரி என்று கற்றவர் இங்கேயும் அதையே எடுப்பார். மேல் தீ அணையும், ஆனால் அந்த வாயு பொருளைக் குளிர்விப்பது குறைவு, உள்ளே கனன்றுகொண்டிருப்பது மறுபடி பிடித்துக்கொள்ளலாம். இங்கே நீர்தான். நான்காவதாக, காற்றோட்டமில்லாத சிறு அறையில் கார்பன் டை ஆக்சைடு அடித்தால் மூச்சுத் திணறும் ஆபத்து. இந்த நான்கு முடிவுகளையும் சரியாக எடுத்தால்தான் நெக்ஸ்ட். அங்கே பூட்டு போடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்குங்கள். படபடவென்று தட்டுகிறவர் இங்கே தட்டிக் கடக்க முடியாது, ஏனென்றால் தவறான ஒவ்வொரு தட்டலும் ஒரு விளைவைக் காட்டித் திருப்பி அனுப்புகிறது. ஊகித்துக் கடப்பதைக் குறைக்க, திரும்ப வரும்போது சூழ்நிலையைச் சற்றே மாற்றிக் கேளுங்கள்: மின்சாரம் துண்டிக்கப்பட்ட பலகை என்று.

ஸ்டோரிலைனில் இதற்குப் பெரிய மாற்றம் வேண்டாம். உங்கள் நான்கு லேயர்களும் அப்படியே இருக்கும், விளக்கமாக. அடுத்து நான்கு கேள்வி ஸ்லைடுகள், ஒவ்வொன்றிலும் விடைக்கு ஏற்ற லேயர், சரியானதற்கு மட்டும் ஒரு வேரியபிள். ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்களுக்கு இதே நான்கையும் கோர்ஸின் தொடக்கத்தில் வைத்து, நான்கும் சரியானால் அந்தப் பகுதியைத் தாண்டிப் போக விடலாம். மேலாளரிடமும் இதை நம்பிக்கையோடு கொண்டுபோகலாம். எல்லோரும் நான்கு பட்டன்களை அழுத்தினார்கள் என்ற பதிவைவிட, எல்லோரும் மின் தீக்குச் சரியான தீயணைப்பானை எடுத்தார்கள் என்ற பதிவு அவருக்கே பெரிய பாதுகாப்பு. விபத்து நடந்து விசாரணை வந்தால் எது கையில் இருக்க வேண்டும் என்று அவரையே கேட்டுப் பாருங்கள்.

ஒரு வாரம் கழித்து ஒரு சின்னக் கேள்வியும் அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், திரும்பப் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். கோர்ஸ் முடிந்த கையோடு வைக்கும் தேர்வு மட்டும் நம்மை ஏமாற்றிவிடலாம் என்பதற்கு இது போதுமான எச்சரிக்கை.

பூட்டு எதுவாக இருந்தாலும், அதைத் திறக்க எல்லோராலும் முடிய வேண்டும். மவுஸை மேலே கொண்டுபோனால் திறக்கும் என்று வைத்தால் போனில் தொடுபவருக்கும் விசைப்பலகை பயன்படுத்துபவருக்கும் அது திறக்காது. இழுத்துப் போடும் பயிற்சிக்குப் பின்னால் நெக்ஸ்ட்டைப் பூட்டினால், கை நடுக்கம் உள்ளவர் அங்கேயே நின்றுவிடுவார். இணைய அணுகல் வழிகாட்டுதலின் 2023-ஆம் ஆண்டுப் பதிப்பான 2.2, இழுப்பதற்கு மாற்றாகத் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் வழியும் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. பார்த்த பட்டனை நிறத்தால் மட்டும் காட்டாமல் ஒரு டிக் குறியும் சேர்த்துவிடுங்கள். சாதாரண ஸ்லைடில் இவை குறை மட்டும்தான். பூட்டிய ஸ்லைடில் இவையே முட்டுச்சந்து ஆகிவிடுகின்றன. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சட்டம் நேரத்தைக் கட்டாயமாக்கும் இடங்களும் உண்டு, அங்கே என் வாதம் செல்லாது. கலிபோர்னியாவில் பாலியல் தொல்லைத் தடுப்புப் பயிற்சி மேற்பார்வையாளர்களுக்குக் குறைந்தது 2 மணி நேரம், மற்றவர்களுக்கு 1 மணி நேரம், 2 ஆண்டுக்கு ஒருமுறை என்று சட்டமே சொல்கிறது. அப்படிப்பட்ட கோர்ஸில் நேரக் கணக்கு வைத்தே ஆக வேண்டும். ஆனால் இந்தியாவில் இதே பொருள் பற்றிய 2013-ஆம் ஆண்டுச் சட்டம் விழிப்புணர்வுப் பயிற்சியைக் கட்டாயமாக்குகிறதே தவிர, இத்தனை நிமிடம் என்று சொல்லவில்லை. உங்கள் தொழிற்சாலைக்கு எந்த விதி பொருந்தும் என்பதைப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டு, நிமிடக் கணக்கு இருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விதி கேட்காத நேரப் பூட்டுகள் நிறைய, விதி கேட்கிறது என்ற நம்பிக்கையிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன.

கடைசியாக எல்எம்எஸ், அதாவது கோர்ஸை ஏற்றி, யார் முடித்தார் என்று பதிவு செய்யும் கற்றல் மேலாண்மை அமைப்பு. நீங்கள் எதில் ஏற்றுகிறீர்கள் என்று சொல்லவில்லை, ஆகவே பொதுவானதை மட்டும் சொல்கிறேன். ஸ்டோரிலைன் கோர்ஸை எல்எம்எஸ் ஒரே பொட்டலமாகத்தான் பார்க்கிறது. உள்ளே எந்த ஸ்லைடு பூட்டியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கோர்ஸும் எல்எம்எஸ்ஸும் பேசிக்கொள்ளும் தரமுறையின் பெயர் ஸ்கார்ம். ஸ்கார்ம் 2004-இல் வரிசைப்படுத்தும் விதிகள் இருந்தாலும் அவை இப்படி ஒரே துண்டாக இருக்கும் கோர்ஸின் ஸ்லைடுகளுக்கு இடையே வேலை செய்யாது. உள்ளே நடப்பதெல்லாம் உங்கள் ட்ரிகர்களின் பொறுப்பு. பாதியில் மூடிவிட்டுத் திரும்புகிறவரின் நிலை, சஸ்பெண்ட் டேட்டா என்ற ஒரு புலத்தில் சேமிக்கப்படுகிறது. ஸ்கார்ம் 1.2-இல் அதற்கு 4096 எழுத்துகள்தான் இடம். 2004-இன் மூன்றாம் பதிப்பிலிருந்து 64000. பெரிய கோர்ஸில் எல்லா ஸ்லைடையும் சேமித்த நிலையிலிருந்து தொடர் என்று வைத்து 1.2-இல் வெளியிட்டால் இடம் நிரம்பிவிடும். அதன்பிறகு கற்பவர் எத்தனை முறை வந்தாலும் பழைய இடத்திலேயே எழுப்பிவிடப்படுவார், முடித்த பூட்டுகளை மறுபடி திறக்க வேண்டியிருக்கும். ஆகவே பூட்டு உள்ள ஸ்லைடுகளுக்கு மட்டும் நிலையைச் சேமியுங்கள், வெறும் வாசிப்பு ஸ்லைடுகளைத் தொடக்க நிலைக்குத் திருப்பச் சொல்லுங்கள், முடிந்தால் 2004-இல் வெளியிடுங்கள்.

கோர்ஸ் முடிந்தது என்பதை எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். பார்த்த ஸ்லைடுகளின் எண்ணிக்கையை வைத்து, எல்லா ஸ்லைடும் என்று கொடுத்திருந்தால், கிளைகள் சேர்த்ததும் அது உடையும். ஒரு கிளையில் போனவர் மற்றக் கிளையின் ஸ்லைடைப் பார்க்கவே மாட்டார், என்றைக்கும் முடித்தவராக மாட்டார். நான்கு முடிவுகளும் சரியான இடத்தில், கோர்ஸை முடி என்ற ட்ரிகரை வைத்துவிடுங்கள். அதுதான் நேர்மையான கணக்கும்கூட.

ஏற்றுவதற்கு முன் ஸ்டோரிலைனின் முன்னோட்டத்தில் மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். சஸ்பெண்ட் டேட்டா சிக்கல் அங்கே தெரியாது. ஸ்கார்ம் கிளவுட் என்ற சோதனைத் தளத்தில் இலவசமாக ஏற்றிப் பார்க்கலாம். நடுவில் டேப்பை மூடித் திரும்புங்கள், பின்னால் போய் முன்னால் வாருங்கள், மவுஸைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் ஒருமுறை முடியுங்கள், தொழிற்சாலையில் அவர்கள் பயன்படுத்தும் அதே மாதிரி போனில் ஒருமுறை. அப்புறம் கோர்ஸைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு தொழிலாளியிடம் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எங்கே நின்று உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ அந்த ஸ்லைடைத்தான் முதலில் திருத்த வேண்டும். எல்எம்எஸ்ஸின் பெயரையும் எந்த ஸ்கார்ம் பதிப்பில் வெளியிடுகிறீர்கள் என்பதையும் எழுதினால், அந்தப் பகுதியைப் பற்றி இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.